நடுவில் நிற்காத கொன்செர்த்தோ

12 நவம்பர் 1956, திங்கள்

விடியலிலிருந்து மழை. பியானோவைக் கம்பளி போட்டு மூடினேன். மேல்மாடி ஜன்னல் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று.

ஊர் சொல்வதை இங்கேயாவது திருத்தி வைக்கிறேன். "மதாமுக்கு இனிமே கை வராது, அதான் சின்னதா ஒண்ணப் புடிச்சிக்கிட்டாங்க." நேற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் அமலோரின் மனைவி சொன்னது, குடை விரிக்கும் சாக்கில், என் காதுபடவே. தவறு. கை வருகிறது. இடது மோதிர விரல் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும். அது முப்பது வயதிலும் பிடித்ததுதான். சின்னதை நானே தேர்ந்தெடுத்தேன். எழுபத்தொரு வயது அதற்குக் காரணம் அல்ல.

நடந்தது இது. ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும், எங்கள் ஊர்ச் சங்கீத சங்கத்தின் கச்சேரி. மதராஸிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது. சினிமா ஸ்டுடியோவில் வாசிப்பவர்கள். சங்கச் செயலாளர் அமலோர் போன வாரம் வந்து என்னைப் பியானோ வாசிக்கக் கேட்டார். நீல அட்டைப் புத்தகத்தில் இருக்கும் பெரிய கொன்செர்த்தோ, ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒற்றைப் பியானோ சேர்ந்து வாசிக்கும் உருப்படி. மூன்று பகுதி. முதல் பகுதிக்கு ஓர் இளம் சாமியார். கடைசிப் பகுதி, வேகமானது, அமலோரின் தங்கை மகளுக்கு. நடுவில் உள்ள மெதுவான பகுதி எனக்கு.

"ஒங்களுக்குன்னே எழுதி வெச்சாப்ல இருக்கு மதாம்" என்றார்.

மஞ்சள் அட்டைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். "இதுவும் கொன்செர்த்தோதான். அதில் பாதி நீளம். முழுவதும் நான்."

பிஸ்கோத்து இரண்டு தின்றார். யோசிக்கிறேன் என்றார். யோசித்ததை மனைவியிடம் சொல்லியிருக்கிறார் போலும்.

14, புதன்

மழை விட்டது. வாங்க: பாண் ரொட்டி, மெழுகுவர்த்தி, கறுப்பு நூல். மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது, கடைக்குக் கொடுக்க வேண்டும்.

மஞ்சள் அட்டை, காலை முழுவதும். எட்டாம் பக்கத்தில் இடது கை ஓடும் இடம் சேறு, ஓசைகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. எந்த ஓசைக்கு எந்த விரல் என்று அச்சில் போட்டிருக்கும் எண்களை அடித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். போட்டவன் யாரோ, அவன் கை பெரிய கை.

மீன் கொண்டுவரும் அஞ்சலை, வீராம்பட்டினத்துக்காரி, வாசலில் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னா மதாம்மா, அந்தப் பொட்டிய தட்ட ஆரம்பிச்சா நடுவுல மூச்சே உடமாட்டீங்களா? எம்மா நேரமா கூவுறேன்!"

"நடுவில் நிறுத்த இடம் இல்லை, அஞ்சலை. அப்படி எழுதியிருக்கிறது."

"அப்ப எங்க மாமியா பேசுற மாதிரின்னு சொல்லுங்க."

சங்கரா மீன் இரண்டு. ஒன்று போதும் என்றேன், கேட்கவில்லை. வாசிக்கிறவங்களுக்குத் தெம்பு வேணுமாம்.

16, வெள்ளி

மீன் குழம்பு மீதி. காற்று. கடல் இரைச்சல் வீடுவரை.

காரணத்தை எழுதிவிடுகிறேன்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் பரிசளிப்பு நாள். எனக்குப் பதினாறு வயது. ஒரு கொன்செர்த்தோவை மூன்று பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். முதலும் கடைசியும் துரைமார் வீட்டுப் பெண்களுக்கு. நடுப்பகுதி எங்களில் ஒருத்திக்கு. அந்த வருடம் நான். "உங்களுக்குப் பொறுமை அதிகம், மெதுவானது உங்களுக்கு அழகு" என்றார் சங்கீத மதர். மூன்றையும் மனப்பாடம் பண்ணியிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

என் பகுதி முடிந்ததும் எழுந்து, முக்காலிக்குப் பக்கத்தில் கை கட்டி நிற்க வேண்டும். அடுத்தவள் உட்காருவாள். பகுதிகளுக்கு இடையில் கை தட்டக் கூடாது என்பது சட்டம். கைதட்டல் கடைசியில்தான் வரும். அப்போது யார் உட்கார்ந்திருக்கிறாளோ அவளுக்கு வரும்.

பெரிய கொன்செர்த்தோக்களில் முக்காலே மூணுவீசம் அப்படித்தான்: மூன்று துண்டு, இரண்டு இடைவெளி, ஆள் மாற்ற வசதி. இந்த மஞ்சள் அட்டை ஒரே துண்டு. மெதுவும் வேகமும் உள்ளேயே கலந்து கிடக்கின்றன, நடுவில் வாசற்படி கிடையாது. உட்கார்ந்தவள்தான் எழுந்திருக்க வேண்டும். என் கணவர் சைகோனில் இருந்தபோது எனக்கு வாங்கி அனுப்பியது. எதற்காகக் கேட்டேன் என்று அவருக்கும் சொன்னதில்லை.

அமலோருக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

18, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். பிறகு அமலோர் என்னுடனேயே வீடு வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. மஞ்சள் அட்டைக்குச் சம்மதமாம். தங்கை மகளையும் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாராம்.

"ஒம்பதாம் பக்கத்துல ஒரு கொட்டு கொட்டிட்டு அப்படியே நிக்குதுல்ல மதாம், அந்த நீள ஓசை? அங்க நீங்க மெல்ல எழுந்துக்கங்க. புள்ள ஒக்காந்துக்கும். சனங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டிருப்பது என் கை அல்ல, முசே. கீழே மிதிகட்டையில் இருக்கும் என் கால். நான் எழுந்தால் அது செத்துப்போகும்."

"அப்ப புள்ள அது கால வெச்சிக்கட்டும்."

"அதில் இரண்டு செருப்புக்கு இடம் இல்லை."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிஸ்கோத்தும் கொடுக்கவில்லை.

20, செவ்வாய்

தூறல். மூக்குக்கண்ணாடி வந்தது.

மதராஸிலிருந்து திரு. தாமஸ், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவர். காலை பஸ். நனைந்த கோட்டு, கையில் வயலின். காப்பி வேண்டாம், முதலில் வாசிப்போம் என்றார். பிடித்தது.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு உரியதை அவர் வயலினில் வாசித்தார், நான் என்னுடையதை. எட்டாம் பக்கம் தாண்டியது, சேறு இல்லை. ஒன்பதில் நீள ஓசை, கால் மிதிகட்டையை விடவில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் முன்னால் ஓடினார். நான் ஓடவில்லை.

"கடைசியில கொஞ்சம் மெதுவாவே போறீங்களே மேடம்?"

"அப்படித்தான் போவேன். உங்கள் ஆட்கள் கூட வரட்டும்."

"ஸ்டுடியோல ஹீரோ வாய் அசைக்கிறதுக்கெல்லாம் வாசிக்கிறவங்க நாங்க. உங்க கைக்கு வரமாட்டோமா?"

அவரே வாய்விட்டுச் சிரித்தார். நானும். இந்த வீட்டில் யாரோடாவது சேர்ந்து வாசித்து எத்தனை காலம்.

போகும்போது பியானோவின் மூடியைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேளை, இது இருக்கு. கச்சேரி மண்டபத்துல கெடக்கற பியானோவ கரையான் தின்னு தீர்த்துடுச்சு. அமலோர் சார்கிட்ட அப்பவே எழுதிட்டேன்" என்றார்.

எப்போது எழுதினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

21, புதன்

வெயில். துணி உலர்ந்தது.

பத்து மணிக்குக் கருவடிக்குப்பத்துத் தச்சர் ஒருவர். அமலோர் அய்யா அனுப்பினாராம், வாசல் நிலையை அளக்க. நூலைப் பிடித்து அளந்தார், பியானோவின் பக்கவாட்டையும் அளந்தார், காதில் செருகிய பென்சிலால் சுவரிலேயே குறித்தார். என் சுவரில்!

"எதற்கு?"

"பொட்டிய மண்டபத்துக்குத் தூக்கணுமாமே மதாம்மா. கதவு ஒண்ணக் கழட்டணும், அவ்ளோதான். திரும்ப மாட்டிக் குடுத்துர்றேன்."

"நான் வாசிப்பேனா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லையே."

"அது எனக்குத் தெரியாதுங்க. மதாம் வந்தாலும் வராட்டியும் பொட்டி வருது, அளந்துட்டு வான்னாரு. போன மாசமே சொன்னாரு, மழையில நான்தான் வர்ல."

போன மாதம். என்னைக் கேட்க அவர் வந்தது போன வாரத்துக்கு முந்தின வாரம். ஆக அழைத்தது பியானோவை. நான் அதன் மேல் போர்த்திய கம்பளி.

உடனே கோபம் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தேன். தச்சர் தண்ணீர் வேண்டுமா என்று என் வீட்டில் என்னையே கேட்டார். பிறகு கோபம் வந்தது. நல்லதாக வந்தது. மஞ்சள் அட்டையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை வாசித்தேன், தச்சர் நூலைச் சுருட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

"முடிந்தது. நடுவில் எங்கேயாவது நின்றேனா?"

"இல்லீங்களே."

சுவரைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னேன். துடைத்தார்.

22, வியாழன். செசிலியம்மாள் திருநாள்

சங்கீதக்காரர்களுக்குப் பாதுகாவலியான புனிதை. காலைப் பூசைக்குப் போனேன். அமலோரின் மனைவி என்னைப் பார்த்துத் தோத்திரம் என்று வணங்கினாள். நானும் சொன்னேன், முழுவதுமாக நின்று. விரல் இன்று முரண்டு பிடிக்கவில்லை.

அமலோருக்கு எழுதி அஞ்சலையிடம் கொடுத்தனுப்பினேன். மீன் வாடையோடு போய்ச் சேரட்டும். நகல்:

முசே அமலோர், உங்கள் தச்சர் அளந்தது சரி. ஒற்றைக் கதவைக் கழற்றினால் பியானோ வெளியே வரும். கதவு என்னுடையது. நான் வாசிக்கும் கச்சேரிக்கு மட்டும் கழற்றுவேன்.

மஞ்சள் அட்டை, முதல் ஓசையிலிருந்து கடைசி ஓசைவரை, ஒரே ஆள். ஒன்பதாம் பக்கத்தில் யாரும் எழுவதில்லை, யாரும் உட்காருவதில்லை. அச்சடிக்கும் நிகழ்ச்சி நிரலில் பியானோவுக்கு நேரே ஒரே பெயர். உங்கள் தங்கை மகளுக்கு நீல அட்டைப் புத்தகத்தை இரவல் தருகிறேன். அவள் அடுத்த வருடம் மூன்று பகுதியையும் தானே வாசிக்கட்டும், அதற்கும் பியானோ தருவேன்.

சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். கோயில் வாசலில் வேண்டாம், ஆள் மூலமும் வேண்டாம். பதிலை எழுதி அனுப்புங்கள்.