ஏழு நாள் குரல்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். புதுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது? பிள்ளைகள் உன்னைப் படுத்துகிறார்களா, இல்லை, கணக்குப் போடச் சொல்லி நீதான் அவர்களைப் படுத்துகிறாயா? போனில் கேட்டால் நீ ஒரு 'ம்' சொல்கிறாய், பதிலுக்கு நானும் ஒரு 'ம்' சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. உன் போனில் நம் குட்டி இனி ஒரு வருடத்துக்கு நிற்காமல் பேசுவாள். ஆப் செய்கிறவர்களுக்காகப் போன் கம்பெனியே நடத்தும் டெவலப்பர் திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு இது தேவையா என்று என் மேஸ்திரி சிரித்தார். சிரிக்கட்டும். நான் பொழுதுபோகாமல் கம்ப்யூட்டரை நோண்டப் போய்த்தானே உனக்கு மாத்திரையை நினைவுபடுத்தும் அந்த ஆப்பே வந்தது. பொத்தானைத் தட்டினால் குட்டியின் குரல்: "அம்மா, மாத்திர போட்டியா? பொய் சொல்லாத, எண்ணிப் பாப்பேன்!" அதைப் பேசவைக்க அன்றைக்கு அவளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் லஞ்சம் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

திட்டத்தில் சேராதவன் செய்த ஆப் ஏழு நாள்தான் திறக்கும், பிறகு என் கம்ப்யூட்டரில் போனை மாட்டி மறுபடியும் ஏற்ற வேண்டும். இது உனக்குத் தெரிந்ததுதான். நீ உன் அக்கா வீட்டுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் போனை எடுத்துக்கொண்டு வந்தாயே. "வாரா வாரம் இதே ரோதனையா போச்சு" என்று வாசலிலேயே திட்ட ஆரம்பிப்பாய். ஆப் ஏறும்வரை சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி வைப்பாய். நீ போன பிறகு கரண்டியைத் தேடியே எனக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதமாகும்.

இப்போது நீ இருக்கும் தூரத்துக்கு ஞாயிறுதோறும் வர முடியாது. போன வாரம் ஆப் திறக்கவில்லை என்று நீ சொன்னபோது உன் குரல் போன போக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே விண்ணப்பித்தேன். டெவலப்பர் பெயர் கேட்ட இடத்தில் குட்டியின் செல்லப் பெயரைப் போட்டேன். அவள் பெயரில் இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் செல்லும் என்று திருப்பிவிட்டார்கள். அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை என்பதை அவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதாயிற்று. கம்பெனியிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் நல்லவள். "நிறுவனமா சார், இல்ல தனி ஆளா?" என்று கேட்டாள். தனி ஆள்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி நான் இங்கிருந்தே அனுப்பிவிடலாம். உன் போனுக்கு வரும் லிங்கைத் தொட்டால் போதும், நீ அலைய வேண்டியதில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லத்தான் நேற்று உன் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா காபி கொடுத்தார். அப்புறம் சொன்னார். அப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சார் உனக்கு எப்போதோ சொல்லிவிட்டாராம். குரலை மட்டும் தனியாகப் போனில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாராம். ஏன் செய்யவில்லை என்று அக்கா கேட்டதற்கு நீ, "வேண்டாம்க்கா. அப்புறம் எதச் சொல்லிக்கிட்டு நான் அங்க போறது?" என்றாயாம்.

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தெருவில் நடக்கும்போது அழுதேன். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கும் அந்தத் திட்டம் முன்பே தெரியும். அது பெரிய ஆட்களுக்கு, நம்மைப் போல வீட்டில் நோண்டுகிறவர்களுக்கு இல்லை என்று உன்னிடம் அடித்துச் சொன்னேனே, நீயும் தலையாட்டினாயே. இரண்டு பேருமே ஒரே ஏழு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் இரண்டு பேருக்கும் துப்பில்லை. இப்போது நானே என் கையால் அதை முடித்துவைத்துவிட்டேன். ஆனால் குட்டி பேசாமல் நீ அங்கே தனியாக ஒரு வாரம் இருக்கக் கூடாது. அதனால் லிங்கை அனுப்புகிறேன். தொடு.

மாத்திரையை விடாதே, அவள் எண்ணிப் பார்ப்பாள். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அதற்கு மேல் வேண்டுதல் ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விடுமுறை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. போன் ஒழுங்காக வேலை செய்யும்போதே வா. கரண்டியெல்லாம் நீ கடைசியாக வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

உன்,
ஸ்பேனர்