மாடி வீட்டுச் சுவரில் ஒட்டிய படம்

அன்புள்ள பாப்புவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே எந்நேரமும் நினைப்பு. தம்பி ஒருவழியாகப் பரீட்சை எழுதி முடித்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் தைலம் தேய்க்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது. காது என்று எழுதும்போதே கை நிற்கிறது. நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்காததற்கு வேலை காரணமில்லை, உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

உன் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய படம் நினைவிருக்கிறதா, கோழிக்கருவின் உட்காதிலிருந்து எடுத்த நரம்பு, பச்சை நூல்பிரி மாதிரி எல்லா இழையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்ததே. காதின் உணர்செல்கள் ஒரு வளர்ச்சிப் புரதத்தைக் கசியவிடும், எறும்பு சர்க்கரையைத் தேடி வருவதுபோல நரம்பு அதைத் தேடி வந்து சேரும், அது கிடைக்காத நரம்பு வாடிவிடும் என்று பொறுமையாக விளக்கினாய். இது கருவில் நடப்பது, மனுஷக் காதுக்கு மருந்தாக வர எத்தனை வருஷமோ, வராமலும் போகலாம் என்றும் சொன்னாய். விலங்கியல் பட்டம் வாங்கிய எனக்கு முதல் பாதி மட்டும்தான் மனசில் தங்கியது. திரைச்சீலை தைக்கக் கொடுக்க மாடிக்குப் போனபோது தையல்காரியிடம் படத்தைக் காட்டினேன். அவளுடைய குண்டுப்பயலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, உட்காதில் கருவி பொருத்த டாக்டர் நாள் குறித்திருந்தார். அது தெரிந்தும் நான், எதுக்கு இந்தப் பச்சைமண்ணு தலையைக் கீறணும், எம்பொண்ணு நரம்பையே வளர வைக்கிறா, கொஞ்ச நாள்ல ஒரு ஊசி போதும் என்று அளந்துவிட்டேன். பெருமை, வேறொன்றுமில்லை. படத்தை அனுப்புங்கக்கா என்றாள், அனுப்பினேன்.

போன வாரம் திரையை வாங்கப் போனால், அந்தப் படம் பெரிதாக அச்சாகி மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டோம்க்கா, டாக்டர் திட்டினார், திட்டட்டும், உங்க பொண்ணு மருந்துக்குக் காத்திருக்கோம் என்றாள் சிரித்துக்கொண்டே. பயல் கீழே உட்கார்ந்திருந்தான். கத்தரிக்கோல் அவன் பின்னால் தடாலென்று விழுந்தது, அவன் திரும்பவில்லை. நான் திரையை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன் பாப்பு. அளந்ததைவிட, அப்படி இறங்கி வந்ததுதான் என்னைத் தின்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். நுணலும் தன் வாயால கெடும்பாங்க, நீ உன் வாயால அடுத்த வீட்டுப் பிள்ளையையில்ல கெடுக்கிறே, ஏறிப்போய்ச் சொல்லு என்றார். போனேன். அப்ப படம் பொய்யாக்கா என்று கேட்டாள். படம் நிஜம், நான் சொன்னதுதான் பொய் என்றேன். வெகுநேரம் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள், துணி இல்லாமல். அப்புறம், படிச்சவங்கன்னு நம்பினேன், இப்ப சொல்றதை மட்டும் எப்படிக்கா நம்புறது என்றாள். படத்தை எடுக்கவில்லை.

அதனால் நீதான் பேசவேண்டும். அவள் எண்ணை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். இருக்கிற நரம்பை வைத்துத்தான் அந்தக் கருவி வேலை செய்யும், காத்திருந்தால் பேச்சு பிடிபடும் வயசு கை நழுவிவிடும் என்று எடுத்துச் சொல், உடனே டாக்டரிடம் போகச் சொல். யாரிடமும் அம்மாவை விட்டுக்கொடுக்காமல் பேசித்தான் உனக்குப் பழக்கம். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தே பேசு.

ஆய்வகமே கதியென்று கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. ஆசி சொல்லவும் கூசுகிறது, ஆனாலும் நீ நன்றாக இருக்கவேண்டும். அவளோடு பேசிவிட்டு என்னைக் கூப்பிடு, எடுப்பேன்.

திரையை இன்னும் மாட்டாத
உன் அம்மா