நேராக்கிய சுரம்

பிப்ரவரி 9, ஞாயிறு

மழை ஈரத்தில் ஆர்கனின் மரம் மறுபடி ஊதிவிட்டது. மேலே உள்ள ஒரு கட்டை, அழுத்தினால் எழுந்திருப்பதே இல்லை. நகத்தால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஆராதனை முழுக்க ஒரு விரல் அந்த வேலைக்கே போயிற்று. பாடகர் குழுவில் கனத்த குரலில் பேஸ் பாடும் வெல்டர், நாங்கள் அவனை 'இடி' என்றுதான் கூப்பிடுவோம், "டீச்சர், இன்னிக்கு ஒம்பது விரல்ல வாசிச்சீங்களா?" என்று கேட்கிறான். வாயைப் பார். அவன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் நுழைந்து பாடியதை நான் சபை நடுவில் சொன்னேனா?

கிளம்பும்போது ஆயர் நிறுத்தினார். புதுப் பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். என் தங்கையின் பாட்டைப் பற்றி என்னிடம் கொஞ்சம் பேச வேண்டுமாம். தன்மையாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 12, புதன்

பேசியாயிற்று. மூன்றாம் சரணத்தின் கடைசி வரிதான் சிக்கல்.

"என் பிள்ளை போன அன்று, பிதாவே, நீரும் அழுதீர்."

தங்கை அதை எழுதி எட்டு வருஷம். அவள் மகன், இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளை, ஆறு வயதில் போன பிறகு எழுதினாள். அதற்குப் பிறகு எங்கள் சபையில் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு அடக்க ஆராதனை நடந்ததில்லை.

ஆயர் சொன்னார்: "அழுதது குமாரன் டீச்சர், மனுஷனா வந்தப்ப. பிதாவே வேதனைப்பட்டார்னு சொன்னா அது வேற உபதேசம். சபை எப்பவோ தள்ளிவச்சது. இத்தன நாள் வாய்வழியாவே இருந்துச்சு, விட்டுட்டோம். புத்தகத்துல போட்டா அதையே கத்துக்கொடுத்த மாதிரி ஆயிடும்."

அவர் சொல்வது சரி. அதே பாடத்தைத்தான் நான் சபைப் பிள்ளைகளுக்கு எடுக்கும் திடப்படுத்தல் வகுப்பில் நடத்துகிறேன். தேவன் மாறாதவர். இன்றைக்கு உடைந்து நாளைக்குத் தேறுகிறவர் என்றால் யார்மேல் சாய்வது?

மாற்றுச் சொல் வேண்டும் என்றார். அவர் வாய் மூடும் முன்னே நான் சொன்னேன்: "அறிந்தீர்." அதே அளவு, மெட்டில் கச்சிதமாக உட்காரும். "அடடா" என்றார் ஆயர். வீடு வரும்வரை எனக்குள் ஒரே பூரிப்பு. அதை என்ன சொல்ல.

பிப்ரவரி 15, சனி

தங்கையிடம் சொன்னேன். பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேஜை வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், காலைக்கூடக் கழுவவில்லை. கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

"சொல்லு போனா போகட்டும்க்கா. மெட்டு இருக்குல்ல. அது அழும்."

அவ்வளவுதான். காபி குடித்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர், "உன் தங்கச்சிக்கு மனசு பெருசு, உனக்கு வாய் பெருசு" என்றார். கேட்டேனா நான்?

பிப்ரவரி 22, சனி

பயிற்சி சரியாக அமையவில்லை. அந்த வரி நெருடிக்கொண்டே இருக்கிறது.

மெட்டு அந்தக் கடைசி எழுத்தில் ஆதார சுரத்துக்கு வந்து நிற்காமல் அரைப்படி கீழே சறுக்கிவிடும். அது யோசித்துப் போட்டதல்ல. தங்கை முதல்முறை எனக்குப் பாடிக் காட்டியபோது, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே பாடினாள், அந்த இடத்தில் குரல் நிற்காமல் சரிந்துவிட்டது. நான்தான் "அப்படியே இருக்கட்டும்டி" என்று சொல்லி, சரிந்தபடியே சுரம் எழுதினேன்.

"அழுதீர்" என்று சரியும்போது நெஞ்சைப் பிசையும். "அறிந்தீர்" என்று சரிந்தால்? தேவன் எதையோ அரைகுறையாகத் தெரிந்துகொண்ட மாதிரி இருக்கிறது. இடிகூட, "என்ன டீச்சர், சொல்லு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் இழுக்குது" என்றான்.

நேராக்கிவிட்டேன். ஆதார சுரத்திலேயே முடித்தேன், நான்கு குரலும் சேர்ந்து, திடமாக. எவ்வளவு நன்றாக இருந்தது! முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு விடை சரியாக வந்தால்தான் தூக்கம் வரும்.

தங்கைக்குச் சளி, பயிற்சிக்கு வரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

புது முடிவைச் சபைக்குப் பழக்கினேன். எப்போதும் போலத்தான்: குழு ஒரு வரி, சபை ஒரு வரி, பிசிர் போகும்வரை திரும்பத் திரும்ப. நான் பழக்கினால் பழக்கினதுதான்.

தங்கை, பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் நின்றாள். மூன்றாம் சரணத்தில் அவள் மட்டும் கீழே இறங்கினாள். மற்ற எல்லாரும் நேராக நின்றார்கள். ஒரு கணம் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக் கேட்டது. சபையில் சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள், தப்பாகப் பாடுகிறவளைப் பார்ப்பதுபோல.

அவள் என்னைப் பார்த்தாள். பாட்டு நோட்டை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஒரு போன். ஏன் சொல்லலை? சளின்னு விட்டேனா, இல்ல பயந்தேனா?

மார்ச் 3

தங்கை போனை எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தங்கை வரவில்லை. இரண்டு வாரமாக வேறு சபைக்குப் போகிறாளாம், அங்கே பின்வரிசையில் உட்கார்கிறாளாம். இடிதான் சொன்னான். சொல்லிவிட்டு, வழக்கம்போல எதையாவது சொல்லிக் கிண்டல் பண்ணுவான் என்று பார்த்தேன். பண்ணவில்லை.

மார்ச் 19, புதன்

நேரில் போனேன். உள்ளே வரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் முறையாக. எனக்கு அந்த முறைதான் தாங்கவில்லை.

"ஆயர் சொன்னாருடி, உபதேசம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆயரு அந்தச் சொல்லைத்தானே மாத்தச் சொன்னாரு? நான் சரின்னேன்ல. அந்தச் சத்தம் என் பிள்ளை போனப்ப எனக்கு வந்த சத்தம்க்கா. அத ஏன் சரிபண்ணின? அது தப்புன்னு யாரு உனக்குச் சொன்னா?"

வகுப்பில் அத்தனை கேள்விக்கும் பதில் சொல்கிறவள், அவள் வீட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆயரிடம் போய், "உங்களாலதான் என் தங்கச்சி போயிட்டா" என்று கொட்டிவிட்டேன். பாவி, யார் தலையில் கட்டப் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் மெட்ட மாத்தச் சொல்லலையே டீச்சர்" என்றார். அங்கியை மடித்துக்கொண்டே கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "அந்த எறக்கம் வந்தா நான் எப்பவும் பாடறத நிறுத்திட்டுக் கேட்டுட்டு நிப்பேன். புதுசாப் பாடினப்ப, எங்க போச்சுன்னு தேடினேன். பாட்டு உங்க பொறுப்பாச்சேன்னு கேக்கல."

உபதேசத்தைக் காக்கிற மனுஷனுக்கு அந்தச் சத்தம் உறுத்தவில்லை. எனக்கல்லவா உறுத்தியது! சொல்லில் அவர் சரி, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு சுரம் கீழே இறங்குவது எந்த உபதேசத்துக்கு விரோதம்? சொல்ல முடியாததை வைக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் அது. அதைப் போய்ப் பெருக்கித் துடைத்து ஒழுங்கு பண்ணினேன்.

ஏப்ரல் 5, சனி

குழுவுக்குப் பழைய மெட்டைத் திரும்பக் கற்றுக்கொடுத்தேன். எப்படியோ வந்தது. இடி மட்டும், "நேரா நில்லுன்னீங்க, இப்ப விழுன்னா எப்படி டீச்சர்" என்று முனகினான். முனகட்டும். நாலு பேர் சரியாக இறங்கினாலே சபை பின்னால் வந்துவிடும்.

மே 11, ஞாயிறு

வரவில்லை, சபை. ஐந்து வாரமாக முயற்சி பண்ணுகிறேன். ஆர்கன் இறங்குகிறது, முதலில் குழுவும் இறங்கியது, சபை கல்லுமாதிரி நேராக நிற்கிறது. இத்தனை பேர் குரலுக்கு முன் குழுவின் குரல் எங்கே எடுபடும்! மூன்றாம் வாரமே குழுவும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. நான் பழக்கினால் பழக்கினதுதான் என்று பெருமை அடித்தேன் அல்லவா. இப்போது அனுபவி.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் சபையில் உள்ள தையல்காரரின் மனைவிக்கு அடக்க ஆராதனை. பாட்டைத் தையல்காரரே கேட்டார். கடைசி வரியில் எல்லாரும் ஓங்கிப் பாடினார்கள், திடமாக, அழகாக. தையல்காரர் மட்டும் பாடவில்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். முன்னெல்லாம் அந்த இடத்தில்தான் ஜனங்கள் அழுவார்கள். இன்றைக்கு யாரும் அழவில்லை.

ஜூலை 6

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. பாட்டுக்குக் கீழே தங்கையின் பெயர் இருக்கிறது. அவளுக்கு ஒன்று எடுத்து வைத்தேன். கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தங்கை வீட்டுக்கு வந்தாள்! தானாகவே. என் வீட்டுக்காரர் கால் பிசகிக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அவரோடு சிரித்துப் பேசினாள். "அத்தான், அக்காகிட்டேருந்து தப்பிச்சு ஓடப்போய் விழுந்தீங்களா?" என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அடுக்களையில் நின்றுகொண்டு அழுதேன், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், நல்லதாகப் போயிற்று.

சாப்பிட்டுவிட்டு நான் பாத்திரம் கழுவ, அவள் பக்கத்தில் நின்று துடைத்தாள், சின்ன வயதில் செய்ததுபோல. இதுதான் சமயம் என்று சொன்னேன். பழைய மெட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறேன்டி, விடமாட்டேன், நீ வந்து முன்னால் நின்று பாடினால் சபை கேட்கும் என்றேன். "பாக்கலாம்க்கா" என்றாள். பாக்கலாம் என்றாளே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் கை சோப்புப் போட, வாய் தானாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் துடைக்கிற சத்தம் நின்றது. அப்போதுதான் நானே கேட்டேன். அவள் பாட்டு. மூன்றாம் சரணம். கடைசி வரியை நேராக முடித்திருந்தேன்.

திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த தட்டக் குடு" என்றாள்.

கொடுத்தேன்.