41ஆம் பக்கத்துப் பாறை

மார்ச் 3
பதினெட்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் வடிவமைத்த கைக்கு இன்று நிஜப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. உலகம் முழுக்க மடிந்து கிடக்கும் பாறைகளின் படங்கள், மொத்தம் அறுபது. எடுத்தவர் ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியை. அச்சகத்தில் அதற்குள் 'பாறை மேடம்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. "நல்லா செஞ்சீங்கன்னா உள்பக்கத்துல உங்க பேரையும் போட்டுடலாம்" என்றார் முதலாளி. காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 5
ஒரு பாறை, உதறாமல் சுருட்டிப் போட்ட போர்வை மாதிரி இருக்கிறது. கல் எப்படி மடியும்? உடைய வேண்டாமோ? மேடத்திடமே கேட்டேன்.

"அவசரப்படுத்தினா உடையும். ஆழத்துல, சூட்டுல, கோடி வருஷம் மெதுவா அமுக்கினா வளைஞ்சு குடுத்துடும்."

வீட்டில் சின்னவளிடம் சொன்னேன். "உன்னையும் அப்படித்தான் வளைக்கணும் போலம்மா" என்கிறாள். வாய்!

மார்ச் 11
பாலைவனத்துப் படம் ஒன்று. வானம் இல்லை, ஆள் இல்லை, பாறை மட்டும். ஓரத்தில் மேடத்தின் கையெழுத்தில் 'தலைகீழ்!' என்று குறிப்பு. திருப்பி வைத்தேன். வாசல் வளைவு மாதிரி அழகாக வந்துவிட்டது. 41ஆம் பக்கம்.

மார்ச் 19
மேடம் மாதிரிப் படியைப் பார்த்து, சரி என்று எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சு ஓடுகிறது. முன்பக்கங்கள்தான் கடைசியில் ஓடும். அதில் என் பெயர். நானே டைப் செய்து மூன்று முறை சரிபார்த்தேன். சொந்தப் பெயரில் பிழை வருமா என்ன?

மார்ச் 21


மடிக்காத பெரிய தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாகத்தான் அச்சாகும், மடித்தால் நிமிர்ந்துவிடும். இன்று மேசைமேல் கிடந்த தாளில் 41 அப்படிக் கிடந்தது. பாறை இடுக்கில் ஒரு செடி — வேர் என்று நான் நினைத்தது — மேல்நோக்கிச் சமர்த்தாக வளர்ந்து நிற்கிறது. அப்படியானால் மடித்த புத்தகத்தில் தலைகீழாகத் தொங்குமே?

யாரும் கவனிக்கவில்லை. மேடமே கவனிக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? திறந்தால் பெயர் போச்சு. இரண்டு அர்த்தத்திலும்.

மார்ச் 22
சொல்லிவிட்டேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "திரும்ப அடிக்க முடியாது. புத்தகத்துக்குள்ள ஒரு திருத்தச் சீட்டு வெச்சுடலாம். உங்க பேரை எடுத்துடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

மேடம் படத்தையே வெகுநேரம் பார்த்தார். "'தலைகீழ்'னு நான் எழுதினது படத்தைப் பத்தி இல்லம்மா, பாறையைப் பத்தி. அங்க அடுக்கெல்லாம் குப்புறக் கவிழ்ந்து கிடக்கு. பழசு மேல, புதுசு கீழ. நீங்க திருப்பி வெச்சு அதைச் சரி பண்ணிட்டீங்க!" கோபமா சிரிப்பா, தெரியவில்லை. "நான் மட்டும் என்ன? முப்பது வருஷமா பார்த்த படம்தானேன்னு எழுத்தை மட்டும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரே குடைச்சல் — ஒரு மலை எப்படிக் குப்புற விழும்?

மார்ச் 24
மேடத்திடம் போனில் கேட்டேவிட்டேன். மடிப்பை விடாமல் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் சாய்ந்து படுத்துவிடுமாம். படுக்கை விரிப்பை வைத்துச் செய்து பார்த்தேன். படுத்துவிட்டது!

மார்ச் 28
சீட்டுக்கு மேடம் எழுதி அனுப்பியது: '41ஆம் பக்கப் படத்தைப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்க்கவும். பிழையைக் கண்டுபிடித்தவர், இந்நூலை வடிவமைத்தவர்.' கீழே என் பெயர், தலைப்பெழுத்தோடு. "அவங்க பிடிவாதம்" என்று சொல்லி முதலாளி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மேடத்துக்கு போன் செய்தேன். "பிழையைச் செஞ்சதும் நான்தானே மேடம்? அதையும் போடணுமே."

"போடுங்க" என்றார்.

போட்டேன். பிழையைச் செய்தவர், கண்டுபிடித்தவர், நூலை வடிவமைத்தவர் — மூன்றுக்கும் ஒரே பெயர். சாயங்காலத்துக்குள் ஆயிரம் சீட்டும் அச்சாகிவிட்டது.