கூடிப் பேசியதற்குப் பூஜ்யம்

அன்புள்ள அம்மா,

பிரிஸ்பேனில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே பேராசிரியைக்கு உதவியாளனாக விடை திருத்துகிறேன். வணிக உத்திப் பாடத்தை நேரிலும் இணையத்திலும் நடத்தி ஒப்பிடுகிறோம். நேர் வகுப்பில் ஆறு பேர் கூடிப் பேசி, ஒருவன் பதில் சொன்னான். "பிரமாதமான குழு" என்று முழு மதிப்பெண். இணையத்தில் படிக்கும் தங்கை ரோத்தியாவின் ஆறு பேர் குழுவும் நம் தராவா தீவில், ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து அதையேதான் செய்தது.

"ஒருத்தன் பேசுறான், மத்த அஞ்சு பேரும் தூங்குறாங்களா?" என்றார் பேராசிரியை, தங்கையின் குழுவைத் திரையில் பார்த்து.

"எங்க ஊர்ல எல்லாரும் பேசி முடிச்சப்புறம்தான் ஒருத்தர் வாயத் திறப்பாரு, மேடம்" என்றேன்.

"இங்க அதுக்குப் பேரு காப்பி, தம்பி."

ரோத்தியா உட்பட, வாய் திறக்காத ஐந்து பேருக்கும் பூஜ்யம். திருத்தியவன் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். மறுத்திருந்தால் வேலையும் விசாவும் போயிருக்கும்.

பாய் ஒன்று அனுப்பு. மெத்தையில் தூக்கம் வரவில்லை. பேருந்து வந்துவிட்டது. ரோத்தியாவிடம் நீயே சொல்லிவிடு. கையெழுத்து யாருடையது என்பதையும் சொல்.

மகன்,
தியாவோன்