இவர்தான் நம்ம கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா சுகமாக இருக்கிறேன், மாடிப்படியைக் கண்டால் முழங்கால் மட்டும் முனகுகிறது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அம்மா போனபிறகு ரொட்டியும் கடைப் பார்சலுமாகத் தின்று நான் வயிற்றைக் கெடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். வர்ற லீவுக்குள்ள நீங்களா சமைச்சுச் சாப்பிடலேன்னா வீட்டைப் பூட்டிட்டு உங்களக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அம்மா இருந்த இந்த வீட்டை விட்டு வர என்னால் முடியாது பாப்பா.

அதற்கு நீ கண்டுபிடித்த வழியைக் கேட்டதும் உன்மேல் கோபம்தான் வந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மருந்துக்கடை மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் கோடிங்கும் சமையல் மாதிரி வீட்டுவேலையும் சொல்லித்தருகிற உன் பள்ளித்தோழியிடம் என்னை ஒப்படைத்தாயே, வாட்ச்மேன் வேலைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று முறுக்கிக்கொண்டு போனேன். அவளோ என்னைப் பிள்ளைகள் நடுவில் நிறுத்தி, இவர்தான் நம்ம கம்ப்யூட்டர், சொன்னத மட்டும் செய்வார், சொல்லாதத செய்ய மாட்டார் என்றுவிட்டாள். நட என்றான் ஒரு பையன், நடந்தேன், நில் என்று சொல்ல மறந்துவிட்டான், நானும் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடியே இருந்தேன், பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பஸ் ஓட்டின காலமெல்லாம் கண்டக்டர் விசிலுக்கும், வீட்டில் உன் அம்மா குரலுக்கும் கட்டுப்பட்டவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

போன வாரப் பாடம் சோறு ஆக்குவது. நான் ஆக்குவதற்குப் பிள்ளைகள் வரி வரியாக எழுதித் தரவேண்டும். ஒரே ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லார் வீட்டிலும் நாலைந்து பேருக்குத்தானே ஆக்குகிறார்கள், கண்ணாடி போட்ட ஒரு சின்னவள்தான் அவள் அம்மாவிடம் கேட்டு வந்து வகுத்துச் சொன்னாள். முதல் தடவை அடுப்பை அணைக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள், அடிப்பிடித்து நாறுகிறது, நான் அசையவில்லை, உன் தோழிதான் ஓடிவந்து அணைத்தாள். மறுநாள் அந்த வரியையும் சேர்த்தார்கள், சோறு பூப்போல வந்தது. நான் தட்டில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். ஏன் தாத்தா சாப்பிடல என்று கண்ணாடிக்காரி கேட்டாள், நீங்க சொல்லவே இல்லையே என்றேன். அவள் தலையில் தட்டிக்கொண்டு கடைசியில் எழுதினாள், உட்காருங்க, ஆறட்டும், சாப்பிடுங்க என்று. உட்கார்ந்தேன். எதிரில் நின்று அப்படிச் சொல்ல அம்மாவுக்குப் பிறகு யாரும் இல்லை பாப்பா, இரண்டாவது வாய்க்கே அழுதுவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள், தாத்தாவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா என்று என்னைச் சுவரில் முட்டவிட்ட அதே பையன் கேட்டான், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அந்தத் தாள் இப்போது நம் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது, தினமும் அதன்படிதான் சமையல், கடைசி வரி உட்பட. உன் பிடிவாதம்தான் என்னைப் பிழைக்க வைத்தது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். வேலை முடிந்து வந்து அலுப்பில் பட்டினியாகப் படுத்துவிடாதே. லீவுக்கு வா, வீட்டைப் பூட்ட அல்ல, சாப்பிட. மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர் என்று கண்ணாடிக்காரி இப்போதே கணக்குப் போட்டுத் தந்துவிட்டாள்.

இப்படிக்கு,
சொன்னதை மட்டும் செய்கிற
உன் அப்பா