பூஜையில் இருந்த ஐந்து தொப்பிகள்

அனுப்புநர்:
மா. காளியம்மா,
7ஆம் எண் லயம், மேல்மலைத் தேயிலைத் தோட்டம்,
பிரிஞ்சாங் வழி, பகாங்.

பெறுநர்:
தொழிற்சாலைப் பரிசோதனை அதிகாரி அவர்கள்.

பொருள்: என் மகன் ரெங்கசாமி தலையில் கப்பி விழுந்ததை அவன் குற்றமாக எழுதிய ரிப்போர்ட்டை மாற்றக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று எங்கள் தேயிலை பேக்டரியில் இருந்தவர்கள்: கணக்கெழுதி வேலை ஏவும் பெரிய கிராணி தங்கராஜு, மாடியில் கயிறு இழுத்த காளியண்ணன், கீழே சாக்கு மாட்டிய என் மகன் ரெங்கசாமி, கோலம் போடப் போன நான். வேறு ஆள் இல்லை. பார்த்ததாக ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட விஜயன் அன்று கோலா தெர்லாவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான்.

2. தலையில் அடிபடாமல் இருக்க வேலையில் போடவென்று வந்த புதுத் தொப்பி ஐந்தையும் பூஜையில் வைக்கச் சொன்னவர் கிராணி. சந்தனம், குங்குமம் வைத்தவள் நான். பூஜையில் வைத்ததை மறுநாள் பிரிக்கும்வரை நாங்கள் தொடுவதில்லை, வேலையும் செய்வதில்லை. ஆனால் முதல் நாள் பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிக் கெடுகிறது என்று, தீபாராதனை முடிந்த கையோடு உலர்த்தும் மாடிக்கு ஏற்றச் சொன்னார். "கையால இழுக்குறதுதான, சாமி ஒண்ணும் கோவிக்காதுலா" என்றார்.

3. ரெங்கசாமி தொப்பி எடுக்கக் கை நீட்டினான். "சாமிக்கு வச்சதுடா" என்று தட்டிவிட்டவள் நான். கிராணி பார்த்துக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை. கப்பி மாட்டிய கொக்கி தேய்ந்துவிட்டது என்று காளியண்ணன் முன்பே இரண்டு தடவை அவரிடம் சொல்லியிருந்தார். எட்டாவது சாக்கு ஏறும்போது கப்பி கழன்று என் மகன் உச்சந்தலையில் விழுந்தது.

4. உயிர் தப்பினான். என்னைப் பார்த்து "நீங்க யாரு வீட்டம்மா?" என்று கேட்கிறான். துண்டைக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருக்கிறான். ரிப்போர்ட்டில் "தொப்பி கொடுத்தும் அணிய மறுத்தார்" என்று கிராணி எழுதியிருக்கிறார். அவன் மறுக்கவில்லை ஐயா. கேட்டான். அதைச் சொல்ல அவனால் இப்போது முடியாது என்பதால் மூன்றாம் வகுப்பு படித்த நான் எழுதுகிறேன்.

5. அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுத வேண்டும். நேரில் வந்து கொக்கியையும் பார்க்க வேண்டும். அதே கொக்கிதான் மாட்டியிருக்கிறது. இப்போது அதன் கீழே நிற்பவன் மாடசாமி. அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. தொப்பிகள் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கின்றன, சந்தனம்கூடத் துடைக்கவில்லை.

6. தங்கராஜுவும் விஜயனும் செய்ததைச் சாகும்வரை மறக்க மாட்டேன். உங்கள் முன் வந்து உண்மையைச் சொன்னால் மன்னித்தாலும் மன்னிப்பேன். அவன் கையைத் தட்டிவிட்டவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவள் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இடம்: மேல்மலைத் தோட்டம்
நாள்: 9.1.1984

இப்படிக்கு,
மா. காளியம்மா